389 மதிப்பெண்: ஒரு மதிப்பெண் பட்டியலைப் பிரித்துப் படித்த கதை

பிளஸ் 2 முடிவு மே மாத முற்பகுதியில் வருகிறது. 2024-இல் மே 6, 2025-இல் மே 8. அன்று மத்தியானத்துக்குள் ஒரு வீட்டில் மூன்று நான்கு முடிவுகள் எடுத்து முடித்திருப்பார்கள். மறுமதிப்பீட்டுக்குப் போடலாம், பெங்களூரில் நர்சிங் சேர்த்துவிடலாம், இல்லையென்றால் ஒரு வருடம் சும்மா இருந்து நீட் படிக்கட்டும். மூன்றும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து எடுத்த முடிவுகள். மொத்த மதிப்பெண்ணில் வழி தெரியாது, பாடத்தைத் தனித்தனியாகப் பிரித்தால்தான் தெரியும். அதைக் காட்டவே இந்த ஆய்வு.

இதில் வரும் மாணவி தனி ஒருத்தி அல்ல. குமரி மாவட்டக் கடலோரக் குடும்பங்களில் அடிக்கடி நடப்பதைச் சேர்த்து, யாருடைய அடையாளமும் தெரியாதபடி அமைத்த மாதிரி இது. விதிகளும் தேர்வு அமைப்பும் உள்ளபடியே உள்ளவை.

நிலைமை

குளச்சலுக்கு அருகே ஒரு கடலோர ஊர். அப்பா விசைப்படகுத் தொழிலாளி. முடிவு வந்த அன்று கடலில் இருந்தார். அம்மாவும் அம்மாவின் தங்கையும் வீட்டில். மாணவி ஆறாம் வகுப்பு முதல் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவள். பிளஸ் 2-வில் உயிரியலும் கணிதமும் சேர்ந்த முதல் குரூப். 500-க்கு மேல் வரும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். வந்தது 600-க்கு 389.

தமிழ் 88, ஆங்கிலம் 74, இயற்பியல் 52, வேதியியல் 58, கணிதம் 41, உயிரியல் 76.

அதே வளவில் சித்தப்பா மகன் ஒருவனும் தேர்வு எழுதியிருந்தான். அவனுக்கு இயற்பியலில் 43. ஆனால் முடிவில் தேர்ச்சி இல்லை. “35 போதுமே, 43 எடுத்தவன் எப்படித் தோப்பான்?” என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டை போடக் கிளம்பினார்கள். அவனுடைய கதைக்குப் பிறகு வருவோம்.

முதல் இரண்டு நாள்

முதல் இரண்டு நாளும் கல்லூரிப் பேச்சே எடுக்காமல் இருப்பது நல்லது. பிள்ளையைத் தனியே அறையில் விட்டுக் கதவைச் சாத்த விடக் கூடாது. இரவில் யாராவது கூடப் படுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர், உறவினர் போன்களைப் பெரியவர்களே எடுத்து, ‘நாங்க பெறவு கூப்பிடுதோம்’ என்று வைத்துவிடலாம். சாப்பிடாமல் இருப்பது, ‘நான் இருந்து என்ன பிரயோசனம்’ என்ற மாதிரிப் பேச்சு, கையிலிருந்த பொருளைத் தம்பி தங்கைக்கு எடுத்துக் கொடுப்பது, அழுது முடித்தபின் திடீரென்று அமைதியாகிவிடுவது, இவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்க வேண்டாம். 14416 மனநல உதவி எண். இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். 104-க்கும் அழைக்கலாம். ‘சாவணும்னு தோணுதா’ என்று கேட்டால் அந்த யோசனை வந்துவிடும் என்று பயந்து கேட்காமல் இருப்பவர்கள் உண்டு. நேராகக் கேட்பதால் ஆபத்து அதிகமாகாது. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து.

இந்த வீட்டில் அப்பாவுக்கு சாட்டிலைட் போன் வழியாகத் தகவல் போனது. அவர் சொன்னது ஒரே வரி: “மக்களே, நான் கரை ஏறுன பெறவு பேசலாம், அதுவரைக்கும் ஒரு காயிதத்துலயும் கையெழுத்து போடப்பிடாது.” அந்தச் சொல் வீட்டுக்குப் பெரிய காவலாயிற்று.

ஏஜென்ட்

அன்று மாலை ஏழு மணிக்கே ஒருவர் வந்தார். வேறு மாநிலத்தில் பி.எஸ்சி. நர்சிங், ‘சீட்டு மூணுதான் மிச்சம், நாளைக்கு வந்தா கிடையாது.’ 25,000 ரூபாய் முன்பணமும் அசல் மதிப்பெண் சான்றிதழும் டி.சி.யும் கேட்டார். நம் மாவட்டத்தில் நர்சிங்குக்கு இருக்கும் மதிப்பு அவருக்கு நன்றாகத் தெரியும். வெளிநாட்டில் வேலை செய்யும் நர்ஸ் இல்லாத தெரு இங்கே குறைவு.

ஏமாற்று நடப்பது மூன்று இடங்களில். ஒன்று, பெயர். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடப் பட்டம், ஜி.என்.எம். மூன்று வருட டிப்ளமோ. இந்த இரண்டும் இல்லாமல் ‘நர்சிங் அசிஸ்டென்ட்’, ‘ஹெல்த் கேர்’ என்று ஒன்றிரண்டு வருடச் சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு. அவற்றை முடித்தால் நர்சிங் கவுன்சிலில் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் வெளிநாட்டு வேலையும் கிடையாது. இரண்டு, அங்கீகாரம். கல்லூரியின் பெயர் இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலிலும் அந்த மாநில நர்சிங் கவுன்சில் பட்டியலிலும் அந்தக் கல்வியாண்டுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; போன வருடம் இருந்தது போதாது. மூன்று, அசல் சான்றிதழ். அது ஒருவர் கைக்குப் போய்விட்டால், வேறு எங்கும் சேர முடியாமல் பணத்தைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மாணவரின் அசல் சான்றிதழைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லியிருக்கிறது. ஏஜென்டின் பைக்குள் போன சான்றிதழுக்கு அந்த விதி உதவாது.

அவரை அனுப்ப ஒரு கேள்வியே போதுமாயிருந்தது: “நாலு வருஷத்துக்கும் மொத்தம் எவ்ளோன்னு கல்லூரி லெட்டர்பேடுல எழுதித் தருவியளா?” மறுநாள் அவர் வரவில்லை.

கழித்துப் பார்த்த கணக்கு

மூன்றாம் நாள் ஒரு நோட்டை எடுத்து மதிப்பெண்ணைப் பிரித்து எழுதினார்கள். செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70, செய்முறையும் அக மதிப்பீடும் சேர்ந்து 30. செய்முறை இல்லாத பாடத்தில் எழுத்துத் தேர்வு 90, அக மதிப்பீடு 10. பெரும்பாலான பள்ளிகளில் இந்த 30-உம் 10-உம் முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ கிடைத்துவிடுகின்றன. ஆகவே அதைக் கழித்தால்தான் பிள்ளை தேர்வறையில் உட்கார்ந்து எழுதியது எவ்வளவு என்று தெரியும்.

தமிழ் 78/90. ஆங்கிலம் 64/90. உயிரியல் 46/70. வேதியியல் 28/70. கணிதம் 31/90. இயற்பியல் 22/70.

மதிப்பெண் பட்டியலில் 52, 58 என்று நடுத்தரமாகத் தெரிந்தவை இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டன. இயற்பியலில் எழுதியதில் கிடைத்தது நூற்றுக்கு 31, கணிதத்தில் 34, உயிரியலில் 66, தமிழில் 87. இந்த வரியைப் பார்த்ததும் வீட்டில் பேச்சின் தன்மையே மாறியது. எங்களைக் கேட்டால், முடிவு வந்த வாரத்தில் எல்லா வீட்டிலும் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான். கட்ஆப் கணக்கு, அதாவது சேர்க்கைத் தரவரிசைக்கான மதிப்பெண், இதற்குப் பிறகு.

கட்ஆப்பையும் போட்டார்கள். பொறியியலுக்குக் கணிதம் முழுதாக, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி: 41 + 26 + 29 = 96, 200-க்கு. நர்சிங் போன்ற மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு உயிரியல் முழுதாக, மற்ற இரண்டில் பாதி: 76 + 26 + 29 = 131. அரசு கலைக் கல்லூரிக்கு மொழிப்பாடம் தவிர்த்த நான்கு பாடம்: 227, 400-க்கு. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண் வைத்துத் தனித் தரவரிசை உண்டு. அங்கே அவளுடைய 88-க்கு மதிப்பு.

ஒரே பிள்ளை, ஒரே தேர்வு. ஆனால் நான்கு வரிசையில் நான்கு வெவ்வேறு இடத்தில் நிற்கிறாள்.

விடைத்தாள் நகல்

கணிதத்தில் 75 வரும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்காமல் அடுத்த பேச்சுக்குப் போக முடியாது. முடிவு வந்த சில நாளுக்குள் பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும்; நாள் தவறினால் வழியில்லை. கடந்த பல ஆண்டுகளாக விடைத்தாள் நகலுக்குப் பாடம் ஒன்றுக்கு 275 ரூபாய், மறுமதிப்பீட்டுக்கு 505, மறுகூட்டலுக்கு உயிரியல் என்றால் 305, மற்றப் பாடங்களுக்கு 205 என்று அறிவித்து வந்தார்கள். அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக் கொள்ள வேண்டும். நகல் வாங்கியவர்கள்தான் பிறகு மறுமதிப்பீடு கேட்க முடியும் என்பதால், கோபத்தில் நேராக மறுகூட்டலுக்குப் போட்டுவிட்டால் அந்த வாசல் அடைபடும். முதலில் நகல்தான்.

நகல் இணையத்தில் இறங்கியதும் மூன்று முறை பார்க்க வேண்டும். முதல் முறை கூட்டல் மட்டும்: உள்ளே ஒவ்வொரு விடைக்கும் போட்டது முன்பக்கக் கட்டத்தில் ஏறியிருக்கிறதா. இரண்டாம் முறை, திருத்தாமல் விட்ட விடை ஏதாவது இருக்கிறதா. கூடுதல் தாளின் கடைசிப் பக்கத்தில்தான் இது பெரும்பாலும் நடக்கும். மூன்றாம் முறை, தேர்வுத்துறையின் விடைக்குறிப்பை வைத்துப் பாட ஆசிரியருடன் சேர்ந்து.

கணிதத் தாள் 20 ஒரு மதிப்பெண், 7 இரண்டு மதிப்பெண், 7 மூன்று மதிப்பெண், 7 ஐந்து மதிப்பெண்: 20 + 14 + 21 + 35 = 90. அவளுக்குக் கிடைத்தது 11 + 8 + 9 + 3. ஒரு மதிப்பெண் வினாவில் இரண்டு இடத்தில் விடை சரி, ஆனால் அதற்கு முன்னால் எழுதிய ‘ஆ’, ‘இ’ என்ற குறியீடு தவறு. குறியீடும் விடையும் இரண்டும் எழுத வேண்டும். ஒன்று தவறானாலும் பூஜ்யம் என்பதே விடைக்குறிப்பு. அது போனது போனதுதான். 38-ஆம் வினாவின் விடை கூடுதல் தாளின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. சிவப்பு மை அங்கே படவேயில்லை. அதில் மூன்று மதிப்பெண் வரலாம்.

ஐந்து மதிப்பெண் பகுதியில் ஏழில் இரண்டைத்தான் தொட்டிருந்தாள், அதுவும் பாதியில் நின்றது. 35-இல் 3. 75 வரும் என்று அவள் நம்பியதும் 41 வந்ததும் இங்கேதான் பிரிகின்றன. நாள்தோறும் படித்திருக்கிறாள், பயிற்சிக் கணக்கின் முதல் இரண்டு படியைப் பார்த்ததும் ‘தெரியும்’ என்று பக்கத்தைத் திருப்பியிருக்கிறாள். கடைசிவரை, நேரம் வைத்து, தானே எழுதிப் பழகவில்லை. கவனக்குறைவு என்று திட்டுவதற்கு இதில் ஒன்றுமில்லை. இது படித்த முறையில் இருந்த பிழை. கல்லூரியில் எந்தப் பாடம் எடுத்தாலும் இதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே அந்த 275 ரூபாயின் உண்மையான பலன்.

மறுமதிப்பீட்டுக்குப் போட்டார்கள். 38-ஆம் வினா கண்ணுக்குத் தெரியும் குறை என்பதால் அது நியாயம். ஆனால் மறுமதிப்பீட்டில் குறையவும் செய்யலாம், வந்ததுதான் இறுதி. வெறும் நம்பிக்கையில் நான்கு பாடத்துக்குப் போடுவது வீண் செலவு. முடிவு வரட்டும் என்று கல்லூரி விண்ணப்பத்தை நிறுத்தி வைப்பது அதைவிடப் பெரிய தவறு. 41 என்றே போட்டு விண்ணப்பித்தாள்.

தேர்ச்சி பெற்ற பாடத்தைத் துணைத் தேர்வில் மறுபடி எழுதி மதிப்பெண் கூட்டலாம் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் துணைத் தேர்வு, தவறிய பாடத்துக்கும் எழுதாமல் விட்ட பாடத்துக்கும்தான்.

வழிகளை எடைபோட்டது

பொறியியல் கிடைக்குமா என்றால் கிடைக்கும். மூன்று பாடச் சராசரி 50. பிற்படுத்தப்பட்டோருக்கு வேண்டியது 40. 96 கட்ஆப்புக்குக் கலந்தாய்வின் மூன்றாம் சுற்றில் பெயர் வரும், மாவட்டத்துக்குள்ளேயே சுயநிதிக் கல்லூரியில் இடம் இருக்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற சான்று இருந்தால் கற்பிப்புக் கட்டணத்தில் சலுகையும் உண்டு. ஆனால் இடம் கிடைப்பதும் படித்து முடிப்பதும் ஒன்றல்ல. முதல் செமஸ்டரிலேயே மேட்ரிசஸும் கால்குலஸும், அதோடு இயற்பியல். எழுத்தில் 34-உம் 31-உம் எடுத்த பிள்ளைக்கு அங்கே அரியர் சேரும். அரியர் சேர்ந்தால் நான்கு வருடம் ஆறாகும். நாகர்கோவிலை அடுத்த கோணம் என்ற ஊரில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி இந்தக் கட்ஆப்புக்கு எட்டாது. பொறியியலை விட்டுவிட்டார்கள், அது சரியான முடிவு.

நீட்டுக்கு ஒரு வருடம் என்பதை நோட்டில் இருந்த 22/70-உம் 28/70-உம் முடித்து வைத்தன. உயிரியல் மட்டும் போதாது.

கேரளத்துக்குப் போகலாமா என்று சித்தி கேட்டாள். களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரம் நாகர்கோவிலை விடக் கிட்டம் என்பது உண்மை. ஆனால் தமிழ்நாட்டுச் சாதிச் சான்று அங்கே இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. பொதுப் பிரிவில்தான் போட்டி.

மிஞ்சியது இரண்டு. ஒன்று, மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக்குழு வழியாக பி.எஸ்சி. நர்சிங், அரசுக் கல்லூரிக்கு 131 போதாது, சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு முயலலாம். மற்றது பி.எஸ்சி. விலங்கியல். பள்ளித் திருப்புதல் தேர்வுத் தாள்களை அடுக்கிப் பார்த்தபோது உயிரியலில் தாவரவியல் பகுதியை விட விலங்கியல் பகுதியில் எப்போதும் ஏழெட்டு மதிப்பெண் அதிகம். அவளுக்குப் பிடித்ததும் அதுவே. முதல் நாளில் அவளை யாரும் கேட்கவில்லை.

இங்கே காலக்கணக்கு முக்கியம். கலைக் கல்லூரிச் சேர்க்கை முடிவு வந்த உடனே தொடங்கி ஜூனில் நிரம்பிவிடும். பொறியியல், மருத்துவம் சார்ந்த படிப்புகளின் கலந்தாய்வு அதற்குப் பிறகு, மாதக்கணக்கில் இழுக்கும். ‘நர்சிங் வந்தா பாப்போம்’ என்று கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்காமல் இருந்தவர்கள் ஆகஸ்டில் இரண்டும் இல்லாமல் நிற்பதை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கலாம். இரண்டுக்கும் போட வேண்டும்.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம். சில ஆண்டுகளாக 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும். கோணம் அரசுக் கல்லூரியை அதில் முதலாகக் குறித்தாள். அரசு உதவி பெறும் கல்லூரிகள் தனித்தனியே விண்ணப்பம் கொடுக்கின்றன, நம் மாவட்டத்தில் அவை பல: நாகர்கோவிலில் ஸ்காட், தெ.தி. இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி, மார்த்தாண்டத்தில் நேசமணி, அகஸ்தீஸ்வரத்தில் விவேகானந்தா, நெய்யூர்ப் பக்கம் லட்சுமிபுரம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘இது உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?’ ஒரே வளாகம், ஒரே பாடம், கட்டணம் மட்டும் பல மடங்கு வித்தியாசம். முதல் பட்டியலில் பெயர் இல்லை என்றதும் சுயநிதியில் பணம் கட்டிவிடுகிறார்கள். இரண்டாம் பட்டியல் வரும்வரை பொறுத்தால் உதவி பெறும் பிரிவில் இடம் விழுவது அரிதல்ல, முக்கியமாக அறிவியல் பாடங்களில். பி.காம்., கணினி அறிவியலுக்கு இந்தப் பொறுமை பலிக்காது.

பணமும் சான்றிதழும்

மேற்குக் கரையில் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம். குளச்சல், முட்டம் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதமும் வருமானம் நிற்கும் மாதமும் ஒன்றாக விழுகின்றன. வட்டிக்கு வாங்குவது இந்த இரண்டு மாதத்தில்தான். அதனால் மே மாத வருமானத்திலேயே முதல் தவணையை ஒதுக்கி வைத்தார் அப்பா. தடைக்காலத்தில் ஒரு நன்மையும் உண்டு: தாலுகா அலுவலகத்துக்கு நடக்க அவர் வீட்டில் இருந்தார்.

நடக்க வேண்டியும் வந்தது. ஆதாரில் அப்பாவின் பெயர் ஞானஸ்நானப் பெயர், பள்ளிச் சான்றிதழில் வீட்டுப் பெயர். கடலோரத்தில் இது மிகச் சாதாரணம். இதனால் வருமானச் சான்று ஒரு முறை திரும்பி வந்தது. முடிவு வருவதற்கு முன்பே, ஏப்ரலில், ஆதார், ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்துவிட வேண்டும்.

உதவித் திட்டங்களிலும் குழப்பம் இருந்தது. தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு; உதவி பெறும் பள்ளி மாணவிக்கு அது இல்லை. ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2024 டிசம்பர் முதல் உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் உண்டு. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். அவளுக்கு 1,000 ரூபாயும் கிடைக்கும், சாதாரணக் கட்டணப் பேருந்தில் பயணமும் இலவசம். விடுதி வேண்டாம் என்று முடிவானது இந்தக் கணக்கில்தான்.

சித்தப்பா மகன்

அவனுக்குச் செய்முறையில் 30, எழுத்தில் 13. மொத்தம் 35 இருந்தால் போதாது. எழுத்துத் தேர்வில் 70-க்குக் குறைந்தது 15 வேண்டும். இரண்டு மதிப்பெண்ணில் போயிருக்கிறது. பள்ளியின் மேல் தவறில்லை என்று புரிந்ததும் சண்டை நின்றது.

துணைத் தேர்வு 2024-இலும் 2025-இலும் ஜூன் கடைசி வாரம் தொடங்கியது. விண்ணப்பம் மே மாத நடுவிலேயே தொடங்கிவிடும். இயற்பியல் தாள் 15 ஒரு மதிப்பெண், 6 இரண்டு, 6 மூன்று, 5 ஐந்து. ஆறு வாரத்தில் முழுப் புத்தகத்தையும் பிடிக்கப் பார்த்தால் மறுபடி விழுவான். ஒரு மதிப்பெண் வினாக்கள் முழுதும், குறுவினாவில் வரையறைகள், ஐந்து மதிப்பெண்ணுக்கு எட்டே எட்டு வருவித்தல். நாளுக்கு ஒன்று எழுதிப் பார்ப்பது, திருத்துவதற்கு ஒரு ஆள். 15 வேண்டிய இடத்தில் 30-ஐக் குறிவைத்துத் தயாரிக்கச் சொன்னார் அவனுடைய ஆசிரியர்.

தேர்ச்சி வராவிட்டாலும் வாசல் அடையவில்லை என்பதை அவனிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக் முதலாண்டுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இரண்டும் கோணத்தில் அரசு நிறுவனங்களாகவே இருக்கின்றன. பிளஸ் 2 தேர்ச்சி வந்தால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு. இரண்டு வருடத்தில் டிப்ளமோ, அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டு. மொத்தம் ஐந்து வருடம், நேரே போனவனை விட ஒரு வருடம்தான் கூட. துணைத் தேர்வு முடிவு ஜூலை இறுதியில் வந்தபோது தேர்ச்சி. ஆனால் நேரடி இரண்டாம் ஆண்டில் அவன் கேட்ட பிரிவு நிரம்பியிருந்தது. காத்திராமல் ஜூனிலேயே ஐ.டி.ஐ.க்குப் போட்டிருந்ததால் பிட்டர் பிரிவில் இடம் கையில் இருந்தது.

மாணவி, உதவி பெறும் பிரிவில் இரண்டாம் பட்டியலில் விலங்கியல் சேர்ந்தாள். நர்சிங் கலந்தாய்வில் வந்த இடம் தொலைவில், கட்டணமும் எட்டாதது, விட்டுவிட்டாள். மறுமதிப்பீட்டில் 38-ஆம் வினாவுக்கு மூன்றும் கிடைத்துக் கணிதம் 44 ஆனது, மொத்தம் 392. திருத்திய சான்றிதழின் நகலைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்து, பழையதை மாற்றி வைக்கச் சொல்லி ரசீது வாங்கிக்கொண்டாள்.